ஏழாம் வீட்டில் ஒருவர்

புதிதாக நிரல் எழுத வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நான் வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. எனக்குத் தெரிந்ததில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது, மீதியை நீங்களே இணையத்தில் தேடிக்கொள்வீர்கள். அதனால் பெரிய விஷயம் எதையும் தொடப்போவதில்லை. யாரும் திறந்து பார்க்காத ஒரு கோப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் ப்ராஜெக்ட் எல்லாவற்றிலும் 'யூட்டில்ஸ்' என்று ஒரு கோப்பு இருக்கும். தேதியை மாற்றிப்போட ஒன்று, பட்டியலை வரிசைப்படுத்த ஒன்று, பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் இடைவெளியைக் கத்தரிக்க ஒன்று என்று குட்டிக் குட்டி ஹெல்பர் ஃபங்ஷன்கள் அதற்குள் கிடக்கும். எப்போது யார் எழுதியது என்று ஒருவருக்கும் நினைவிருக்காது. ஓடுகிற வண்டியை எதற்குக் கிளற வேண்டும் என்று எல்லோரும் தாண்டிப் போய்விடுவோம். நானும் அப்படித் தாண்டிப் போனவள்தான். அதிலும் நான் தாண்டிப் போனது நானே எழுதிய கோப்பை.

பெங்களூரில் என் முதல் வேலையில் ஒரு மேலாளர் இருந்தார். சரியான முசுடு. நான் எழுதிய ஹெல்பர் ஒன்றைப் பார்த்துவிட்டு, "மதிப்பு வரலைன்னா இது என்ன பண்ணும்?" என்று கேட்டார். "பழைய மதிப்பைப் போட்டுக்கும் சார்" என்று பெருமையாகச் சொன்னேன். "வராததுக்கு என்ன அர்த்தம்னு யார்கிட்டக் கேட்டே?" என்றார். யாரிடமும் கேட்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் உறைத்திருக்கும். பத்துப் பேர் முன்னால் சொன்னதால் எனக்கு அவர்மேல் கோபம்தான் மிஞ்சியது, கேள்வி காதில் ஏறவில்லை. வருடங்கள் கழித்து அதே ஹெல்பரை அதே மாதிரி மறுபடியும் எழுதினேன்.

அது கொல்லிமலையில், என் கடைசி வேலையில். செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் சின்ன தொண்டு நிறுவனம். மழைக்காலத்தில் எந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அறிவதுதான் எங்கள் மென்பொருளின் வேலை. சரிவுகளுக்குக் கீழே இருக்கும் ஊர்களில் ஊருக்கு ஒரு பெண், காலையிலும் மாலையிலும் வீடு வீடாக எண்ணிக்கையைக் கைப்பேசியில் அனுப்புவாள். மண் சரிந்தால் எங்கே ஆள் அனுப்புவது என்று திரையைப் பார்த்து முடிவு செய்யலாம்.

மலையில் சிக்னல் வரும், போகும். சில வீடுகளின் எண்ணிக்கை வராமல் நிற்கும். திரை ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. எனக்கு அது பார்க்கப் பிடிக்கவில்லை, உண்மை அவ்வளவுதான். ஐந்து நிமிடம் உட்கார்ந்து நாலு வரியில் ஒரு ஹெல்பர் எழுதினேன். வந்த மதிப்பை எடுத்துக்கொள், இல்லாவிட்டால் முந்தைய மதிப்பை எடுத்துக்கொள். நடுவில் இரண்டு நெட்டைக் கோடு, || என்று. ஓட்டைகள் அடைபட்டுவிட்டன. திரை சுத்தமாக இருந்தது. மலையின் அரியூர் நாட்டுப் பகுதியில் ஒரு ஊர்க்கூட்டத்தில் அதைத் தூக்கிக் காட்டி, "நீங்க அனுப்புறதைத்தான் இது காட்டும். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்று பேசினேன். கைதட்டினார்கள்.

அந்த வருடம் ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. அந்தப் பக்கத்திலேயே, நான் கூட்டம் போட்ட ஊருக்கு மேலே சரிவில் விரிசல் கண்டுவிட்டது. மொத்தம் பதினோரு வீடு. மத்தியானத்துக்குள் எல்லோரையும் கிளப்பி, மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊரின் எண்ணிக்கையை அனுப்புகிற செல்வி, பள்ளிக்கூடத்தில் இருந்தே வீட்டுக்கு வீடு சுழியம் அனுப்பியிருந்தாள்.

திரையைப் பார்த்தால் எல்லா வீட்டிலும் ஆள் இருந்தார்கள்.

மூன்றாம் வீட்டில் ஐந்து பேர், நான்காம் வீட்டில் இரண்டு பேர், ஒன்பதாம் வீட்டில் ஆறு பேர். அதே ஆட்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கிலும் இருந்தார்கள். காலி ஊரில் ஒரு கூட்டம், பள்ளிக்கூடத்தில் அதே கூட்டம். எனக்கு ஒரு கணம் எது நிஜக் கூட்டம் என்று தடுமாறிவிட்டது. பகல் இரண்டரை மணிதான். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கி, எதிரே நின்ற பஸ்ஸின் விளக்கு மட்டும் தெரிந்தது, பஸ் தெரியவில்லை.

காரணம் பிடிபடக் கொஞ்ச நேரமானது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அந்த நெட்டைக் கோடுகளுக்குச் சுழியம் வந்தாலும் ஒன்றுதான், ஒன்றுமே வராவிட்டாலும் ஒன்றுதான். இரண்டையும் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு முந்தைய மதிப்பைப் போட்டுவிடும். செல்வி அனுப்பிய சுழியங்களை என் ஹெல்பர் விழுங்கிவிட்டுக் காலைக் கணக்கையே காட்டிக்கொண்டிருந்தது. கோடுகளை எடுத்துவிட்டு ?? என்று இரண்டு கேள்விக்குறி போட்டேன். அதற்குச் சுழியத்துக்கும் வெற்றிடத்துக்கும் வித்தியாசம் தெரியும். திரையைப் புதுப்பித்தேன். வீடுகள் ஒவ்வொன்றாகச் சுழியத்துக்கு வந்தன.

ஏழாம் வீட்டைத் தவிர. அதில் ஒருவர் இருந்தார்.

இங்கே கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் நான் பெரிய தப்பைச் செய்தது இப்போதுதான். ஒரு தவற்றைக் கண்டுபிடித்துத் திருத்தி முடித்த அந்த நிமிடத்தில் நமக்கு வரும் திமிர் இருக்கிறதே, அதைப் போல ஆபத்தானது நம் தொழிலில் வேறில்லை. பத்து வீடு சரியாகிவிட்டது, ஆகவே பதினோராவதும் சரி என்று நம்பினேன். போதாததற்கு, தனியாக இருக்கும் முதியவர்களை முதலில் நிறுத்தும் இன்னொரு ஹெல்பர் அந்த வீட்டைப் பட்டியலின் தலையில் சிவப்பாகத் தூக்கிவைத்திருந்தது. நல்லம்மாள், வயது 72, தனியாக வசிப்பவர்.

பள்ளிக்கூடத்தில் ரஹீம் அண்ணன் ஜீப்போடு நின்றிருந்தார். அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் டயர்க்கடை வைத்திருப்பவர். மழை பிடித்தால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மேலே ஏறி வந்துவிடுவார். அவரை ஃபோனில் கூப்பிட்டேன்.

"அண்ணே, ஏழாம் வீட்டுல ஒருத்தங்க இருக்காங்க. வயசானவங்க. உடனே போங்க."

"ஏனுங்க மேடம், எல்லாரும் வந்துட்டாங்கன்னுதானுங்க இங்க சொன்னாங்க."

"இல்லண்ணே, இருக்காங்க. திரையில தெரியுது."

"நல்லாப் பாத்துட்டீங்களா? ரோடு இருக்கற இருப்புக்கு ஒருக்காதான் போய்த் திரும்ப முடியுமுங்க."

"பாத்துட்டுத்தான் சொல்றேன்."

அவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டது எனக்கும் கேட்டது. "ஏழாம் ஊட்டுல ஒருத்தங்க இருக்காங்களாம். கம்ப்யூட்டர்ல காட்டுதாம். யாருங்க அது?"

பள்ளிக்கூடத்தில் அதுவரை இரைந்துகொண்டிருந்த பேச்சு சட்டென்று நின்றது. குழந்தை ஒன்று இருமியது மட்டும் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், "நான் வாரேனுங்க. அது எங்கம்மா ஊடு" என்றது. வழி தெரிந்த ஆள் கிடைத்தாளே என்று எனக்கு நிம்மதி.

ஜீப் போய்ச்சேர இருபது நிமிடம் ஆகும். சும்மா இருக்க முடியாமல் நல்லம்மாளின் பதிவைத் திறந்தேன். ஊர்க்கூட்டத்தில் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவோ என்று முகம் நினைவுக்கு வருகிறதா பார்த்தேன். பதிவில் இரண்டு நெடுவரிசை இருக்கும். செல்வி அனுப்பியது ஒன்று, திரையில் காட்டியது ஒன்று. இன்று காலை செல்வி அனுப்பியது வெற்றிடம். காட்டியது 1. நேற்று மாலை வெற்றிடம், காட்டியது 1. நேற்றுக் காலை வெற்றிடம். முந்தாநாள் வெற்றிடம். சிக்னல் கோளாறாக இருக்கும் என்று பழைய தேதிகளுக்கு மேலே போனேன். மேலே போகப்போக வெற்றிடம்தான். ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் நேராக ஒரு 1, அதற்குப் பக்கத்தில் மூன்றாவது ஹெல்பர் ஒன்று எழுதிய வாக்கியம்: வீட்டில் ஒருவர், மாற்றம் இல்லை. வீட்டில் ஒருவர், மாற்றம் இல்லை. நாற்பது நாளுக்கு இதே வரி. நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஒரு மாற்றம். பிறந்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிடும் ஹெல்பர் அவருக்கு எழுபத்தொன்றை எழுபத்திரண்டாக்கியிருந்தது.

மற்ற பத்து வீட்டுக்கும் நாற்பது நாளும் எண்ணிக்கை ஒழுங்காக வந்திருந்தது. ஒரே ஊரில் ஒரே வீட்டுக்கு மட்டும் சிக்னல் கோளாறு வராது.

செல்வியைக் கூப்பிட்டேன்.

"செல்வி, ஏழாம் வீட்டு நல்லம்மா..."

"ஐயோ அக்கா, அவிங்க தவறி நாப்பது நாளாச்சுங்க."

"அப்புறம் ஏன் சுழியம் போடலை?"

"மத்த ஊட்டுக்குச் சுழி போட்டா நாளைக்கு மாத்திக்கலாமுங்க அக்கா. இதுக்குப் போட்டா போட்டதுதானுங்களே. ஆளில்லாத ஊடுன்னு நான் எப்படிங்க எழுதுவேன்? மக தெனமும் வந்து வெளக்கு வெக்குது. நாப்பத்தெட்டு நாளைக்கு வெக்கறதா வேண்டியிருக்குது. அதுதான் ஒண்ணும் எழுதாம விட்டுட்டனுங்க."

"மக எங்க இருக்காங்க?"

"பாப்பாத்திதானுங்க. ஜீப்புல ஏறிப் போயிருச்சுங்களே."

"நீங்க யாரும் தடுக்கலையா?"

"நீங்க இருக்காங்கன்னு சொன்னதுக்கப்புறம், பெத்த மக முன்னால இல்லைன்னு யாருங்க அக்கா வாயைத் திறப்பா?"

நாற்பது நாளாகச் செல்வி ஒன்றும் எழுதாமல் விட்ட இடத்தில் நான் ஒரு ஆளை உட்காரவைத்திருக்கிறேன். இறந்துபோன அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று உயிரோடிருக்கும் மகளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இடிந்துகொண்டிருக்கும் சரிவுக்கு அடியில் இருக்கும் வீட்டுக்கு.

ரஹீம் அண்ணனுக்கு ஃபோன் அடித்தேன். போகவில்லை. மறுபடி அடித்தேன். மூன்றாவது முறை எடுத்தார். மழைச் சத்தத்தில் கத்திப் பேசினார்.

"வளைவுல நிக்கறனுங்க. கீழ ஜீப் எறங்காது. அந்தப் பொண்ணு ஒத்தையடிப் பாதையில எறங்கிப் போயிருச்சு. தண்ணி செம்மண்ணாட்டம் வருதுங்க மேடம்."

"அண்ணே, அவங்களைத் திருப்பிக் கூப்பிடுங்க. அந்த வீட்டுல யாரும் இல்லை."

"அப்புறம் எதுக்குங்க போகச் சொன்னீங்க?"

"தப்புப் பண்ணிட்டேண்ணே. என் தப்பு. கூப்பிடுங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. "பாப்பாத்தீ" என்று இரண்டு தரம் கத்தினார். பிறகு இறங்கி ஓடினார் என்று நினைக்கிறேன், மூச்சு வாங்கியது, கிளைகள் உரசுவது கேட்டது. "மேடம் பேசறாங்க, கேளு" என்று சொல்லி அவள் கையில் ஃபோனைக் கொடுத்தார்.

"ஏனுங்க, எங்கம்மா இருக்குதுங்களா?" என்று பாப்பாத்தி கேட்டாள்.

'உங்க அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டாங்க, நீங்க திரும்பி வாங்க' என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அந்த நொடியே ஓடிவந்து ஜீப்பில் ஏறிவிடுவாள். உயிரைக் காப்பாற்ற ஒரு பொய், என்ன போயிற்று? ஆனால் அவள் பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கி அம்மாவைத் தேடுவதை நினைத்துப் பார்த்தேன். ஏற்கனவே நாற்பது நாள் பொய் சொல்லியாயிற்று. உண்மையைச் சொன்னால் அவள் திரும்பாமலும் போகலாம் என்று தெரிந்துதான் சொன்னேன்.

"இல்லம்மா. அது என்னோட தப்பு."

"நான்தானுங்க குளிப்பாட்டி அனுப்பிவெச்சேன். எனக்குத் தெரியாதுங்களா?" அவள் குரலில் அழுகை இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "ஆனா வெளக்கு வெக்க வர்றப்பெல்லாம் உள்ள யாரோ இருக்கறாப்பலயேதானுங்க தோணும். மனப்பிராந்தின்னு விட்டுட்டேன். இன்னைக்கு உங்க கம்ப்யூட்டரும் அதையே சொல்லுது. அது பொய் சொல்லாதுன்னு நீங்கதானுங்க கூட்டத்துல சொன்னீங்க. ஒரே எட்டு, எட்டிப் பாத்துட்டு வந்தர்றனுங்க. இங்கிருந்தே கதவு தெரியுது."

"பாப்பாத்தி, நான் சொல்றதைக் கேளுங்க. கணக்கு வரலைன்னா முந்தின நாள் கணக்கையே போட்டுக்கன்னு நான்தான் எழுதிவெச்சேன். அம்மா போன நாள்ல இருந்து செல்வி ஒண்ணுமே எழுதலை. அம்மா உயிரோட இருந்த கடைசி நாளோட கணக்கையே அது தெனமும் காட்டிட்டு இருந்துச்சு. அது உங்க அம்மா இல்லை. நான் எழுதின நாலு வரி. உள்ள யாரும் இல்லை."

"இல்லீங்களா?"

"இல்லை."

மழைக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது, சின்னக் கற்கள் உருள்வதைப் போல. தூரத்தில் ரஹீம் அண்ணன், "சாமி, வந்துரு கண்ணு" என்று கெஞ்சினார். ஒரு முழு நிமிடம் இருக்கும். பிறகு பாப்பாத்தி, "நான் வாரேனுங்க" என்றாள்.

அந்த ஊரில் கிளம்பிப் போகிறவர்களும் வாரேன் என்றுதான் சொல்வார்கள். என்னிடம் சொன்னாளா, வீட்டைப் பார்த்துச் சொன்னாளா, திரும்புகிறாளா, உள்ளே போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இணைப்பும் அதோடு அறுந்துவிட்டது.

மூடுபனியைப் பார்த்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்ய முடியும்? நல்லம்மாளின் வரி திரையில் இன்னும் சிவப்பாக இருந்தது. செல்வியால் எழுத முடியாததை நான் எழுதினேன். ஏழாம் வீடு, சுழியம். எழுதிவிட்டு அழுதேன்.

அரைமணி கழித்து ரஹீம் அண்ணன் பள்ளிக்கூடத்தில் இருந்து கூப்பிட்டார். "வந்துட்டோமுங்க" என்றார். இருட்டுவதற்கு முன்பே சரிவு இறங்கிவிட்டது. ஐந்தாம் வீட்டில் இருந்து ஒன்பதாம் வீடு வரை சுவர்கூட மிஞ்சவில்லை.

அதன்பிறகு அந்த ஹெல்பரை எடுத்துவிட்டேன். எண்ணிக்கை வராத வீட்டுக்குத் திரையில் வெற்றுக் கட்டம்தான், அதன்மேல் 'கேட்டுப் பாருங்கள்' என்று இரண்டு சொல். ஓட்டை ஓட்டையாகத்தான் இருக்கிறது, அசிங்கமாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும். நீங்களும் உங்கள் யூட்டில்ஸ் கோப்பை இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள். வராத மதிப்பை எது எதை வைத்து நிரப்புகிறது என்று பாருங்கள். குறியை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். நானும் சரியான குறியைத்தான் போட்டேன், போட்டுவிட்டுத்தான் அவளை அனுப்பினேன். ஒரு பெண் ஏன் ஒன்றும் எழுதாமல் விட்டாள் என்று அவளிடம் போய்க் கேட்பதற்கு எந்த மொழியிலும் குறி கிடையாது.

மழை விட்ட பிறகு மன்னிப்புக் கேட்கலாம் என்று பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பாப்பாத்தி வெளியே கல்லில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். நான் சொன்னதையெல்லாம் முறத்தை நிறுத்தாமல் கேட்டாள். பிறகு அவளாகக் கேட்டாள்.

"நாப்பது நாளும் எங்கம்மா பேரு அதுல வந்துச்சுங்களா?"

"வந்துச்சும்மா."

"ஒரு நாளும் விடாமயா?"

"விடாம."

முறத்தை மடியில் வைத்தாள். "நடுவுல எனக்குக் காய்ச்சலுங்க. ரெண்டு நாள் எந்திரிக்க முடியலை. அந்த ரெண்டு நாள் வெளக்கு வெக்கலீங்க. அதை நெனச்சு நெனச்சு மனசே ஆறலை. அந்த ரெண்டு நாளும் வந்துச்சுங்களா?"

"வந்துச்சு."

பாப்பாத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அந்த ரெண்டு நாளும் நீங்க பாத்துக்கிட்டிருந்திருக்கீங்க" என்றாள்.

அந்த நாற்பது நாளில் ஒருநாள்கூட நான் அந்த ஊரின் திரையைத் திறந்து பார்த்ததில்லை. அதை அவளிடம் என்னால் சொல்ல முடியவில்லை.